பாசி பிடித்த மரம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். அருகிலுள்ள சோலைக்காட்டில், மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். கூட வந்த வழிகாட்டி, "மரத்து மேல இருக்கிற பாசியும் செடியும் மழைத்தண்ணியைக் குடிச்சு வச்சிருந்து, கோடையில ஓடைக்கு விடும்" என்று சொல்லியிருக்கிறார். இது உண்மையா, உண்மையென்றால் என் நிலத்து மரங்களிலும் பாசியையும் ஆர்க்கிடையும் கட்டிவிட்டால் ஓடையில் தண்ணீர் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மண்ணையே தொடாத செடி மழையை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பது ஒன்று. பிடித்த தண்ணீர் கடைசியில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்த விஷயம். இரண்டாவதில் வழிகாட்டி சொன்னது பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியை நம்பி நீங்கள் செலவு செய்துவிடக்கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன். நீலகிரி, பழனிமலைச் சோலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மரத்தில் தொற்றி வளரும் செடிகளைப் பார்த்தும் எடை போட்டும் திரிந்திருக்கிறேன். நீரியல் என் படிப்பு இல்லை. ஓடை, நிலத்தடி நீர் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தத் துறைக்காரர்களோடு வேலை செய்தும் அவர்கள் எழுதியதைப் படித்தும் தெரிந்துகொண்டவை. மத்திய அமெரிக்கக் காடுகளுக்கு நான் போனதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நல்ல அளவீடுகள் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன, அதனால் அவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மரத்தின் மேல் செடி என்றதும் நம் ஊரில் புல்லுருவிதான் நினைவுக்கு வரும். மாமரத்துப் புல்லுருவி மரக்கட்டைக்குள் உறிஞ்சு உறுப்பை இறக்கி, மரம் பாடுபட்டு மேலே ஏற்றிய தண்ணீரைக் குடிக்கிறது. தொற்றுத் தாவரம் அப்படிச் செய்வதில்லை. அதற்கு மரம் உட்காரக் கிடைத்த திண்ணை, அவ்வளவுதான். தண்ணீரையும் உரத்தையும் அது மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் கிளையில் சேரும் சருகிலிருந்தும் தானே தேடிக்கொள்ள வேண்டும். இந்த வித்தியாசத்தில் விவரம் தெரிந்தவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். ஆனைமலை, மூணாறு பக்கத்து மரங்களில் பாசிக்குள் வேர்விட்டு வளரும் ஒரு காசித்தும்பை இனத்துக்கு, 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாண வன அதிகாரியாக இருந்த பெட்டோம் வைத்த பெயர் 'இம்பேஷியன்ஸ் பாராசிட்டிகா'. பெயரிலேயே ஒட்டுண்ணி என்று இருக்கிறது. செடியோ மரத்திடமிருந்து ஒரு சொட்டுகூட எடுப்பதில்லை.

மழைக்காட்டுச் செடிக்குத் தண்ணீர்க் கஷ்டமா என்று தோன்றலாம். மலைக்காட்டில் ஆண்டுக்கு 2000, 3000 மி.மீ. மழை பெய்யும், உண்மைதான். ஆனால் கிளைமேல் விழுந்த மழை நிற்காமல் வழிந்துவிடும். வெயில் வந்து காற்றும் அடித்தால், ஒரு மணி நேரத்தில் அந்தக் கிளை காய்ந்த பாறை போல ஆகிவிடும். கீழே மண்ணில் நிற்கும் செடிக்கு மழை இல்லாத இரண்டு வாரம் ஒரு பொருட்டே இல்லை. மேலே இருப்பதற்கு அது பெரும் பஞ்சம். அதனால்தான் பாலைவனச் செடிகளின் உத்திகள் பலவற்றை இந்த ஈரக்காட்டில் பார்க்கிறோம். ரிப்சாலிஸ் என்ற கள்ளி இதற்கு நல்ல உதாரணம். அது மரத்தில் கயிறு கயிறாகத் தொங்கி வளர்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் கள்ளி அது ஒன்றுதான். ஆப்பிரிக்காவில் இருக்கிறது, நம் பக்கத்து இலங்கையிலும் இருக்கிறது.

சரி, தண்ணீரை எப்படிப் பிடிக்கின்றன? பாசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்த காட்டில் பெரும்பங்கு வேலையைச் செய்வது அதுதான். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பட்டையைப் பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும் உண்டு. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். உடம்பு முழுவதாலும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், இலைக்கும் இலைக்கும், தண்டுக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள மிகச் சிறிய சந்துகள். துணியின் ஒரு முனையைத் தண்ணீரில் தொட்டால் ஈரம் தானாக மேலேறுவது போல, இந்தச் சந்துகளில் தண்ணீர் தானாக ஏறி நின்றுவிடும். ஜூலை மழையில் உடைந்து விழுந்த கிளையிலிருந்து ஒரு பாசிப் பத்தையை எடுத்து, வடிந்தபின் நிறுத்தால் அரைக் கிலோ இருக்கும். அதையே சூட்டடுப்பில் முழுதும் உலர்த்தி நிறுத்தால் நூறு கிராம்தான் தேறும். தன் எடையைப் போல் நாலு மடங்குத் தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது. காய்ந்தால் பாசி சாவதில்லை, சுருங்கித் தூங்குகிறது. மறுபடி நனைந்தால் சில நிமிடங்களில் பச்சை திரும்பிவிடும். சோலைகளில் இதே மாதிரி வாழும் மெல்லிலைப் பெரணிகளும் உண்டு. அவற்றின் இலையும் ஒரு செல் தடிமன்தான், பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவும்.

கல்பாசியை உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் பார்த்திருப்பீர்கள். பிரியாணிக்கும் குழம்புக்கும் போடும் அந்தச் சாம்பல் சுருள் பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் லைக்கன். பாசி என்று பெயர் இருந்தாலும் அது பாசி வகை இல்லை, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பச்சை ஆல்காவைக் கூட்டாளியாகக் கொண்ட லைக்கன்களுக்கு மழைகூட வேண்டியதில்லை, ஈரக்காற்று போதும். காற்றிலிருந்து எடுத்த ஈரத்திலேயே உணவு தயாரிக்கத் தொடங்கிவிடும். நீலப்பச்சை நுண்ணுயிரைக் கூட்டாளியாக வைத்திருப்பவற்றுக்கு நீராகவே நனைய வேண்டும். இது பரிசோதனைகளில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

ஆர்க்கிட்களின் வழி வேறு. வீட்டில் வாண்டாவோ டென்ட்ரோபியமோ வளர்த்திருந்தால் அதன் தொங்கும் வேரைக் கவனித்திருப்பீர்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், தண்ணீர் பட்டதும் பச்சை. அந்த வெள்ளை வெலமன் என்ற உறை. இறந்த செல்கள் பல அடுக்காகச் சேர்ந்தது, உள்ளே வெறும் காற்று. மழை பட்டதும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும், உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். அது நிறைவதற்கு நிமிடக் கணக்கு போதும், காய்வதற்கு மணிக்கணக்காகும். அந்த இடைவெளியில் உள்ளே இருக்கும் உயிருள்ள வேர் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. மழையின் முதல் சில நிமிடங்களில் வழிவதுதான் இலைகளிலும் பட்டையிலும் இருந்த தூசியையும் உப்பையும் கழுவிக்கொண்டு வரும் சத்தான தண்ணீர். அதைத் தவறவிடாமல் பிடிப்பது இந்த உறையின் பெரிய லாபம். அப்படி எடுத்ததைச் சேர்த்து வைக்க, பல ஆர்க்கிட்களுக்குத் தண்டு பருத்துக் குமிழாகியிருக்கும். சோலைகளில் வளரும் சீலோஜைன் ஆர்க்கிடின் குமிழ்கள் செப்டம்பரில் வழவழவென்று உருண்டு இருக்கும், ஏப்ரலில் பார்த்தால் கிழவியின் கன்னம் போல வரி விழுந்திருக்கும். அந்த வரிகள்தான் அது செலவழித்த தண்ணீரின் கணக்கு. இதோடு, இவற்றில் பல இலைத்துளைகளைப் பகலில் மூடிவிட்டு இரவில் திறக்கும். வெயில் இல்லாத நேரத்தில் கரியமில வாயுவை வாங்கி, புளிப்பு அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில் சமைக்கும். கள்ளியும் அன்னாசியும் செய்வது இதையேதான்.

மிளகின் உறவுக்காரியான பெப்பரோமியா, பாசி படிந்த அடிமரங்களில் தடித்த சின்ன இலைகளோடு கொத்துக் கொத்தாக இருக்கும். இலையின் மேல்தோலுக்குக் கீழே நிறமில்லாத செல்கள் அடுக்காக இருந்து தண்ணீரைச் சேமிக்கின்றன. பெரணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால். சூப் வைக்க வாங்கும் அந்த ரோமம் போர்த்த 'கிழங்கு' உண்மையில் ஒரு பெரணியின் தண்டு, பாறையிலும் மரத்திலும் படர்வது. அதற்கு இருவகை இலைகள். நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரிக்கும், வறட்சியில் உதிரும். அடியில் இருக்கும் குட்டையான, பழுப்பு நிற, மொடமொடப்பான இலைகள் உதிரவே உதிராது. அவை கிண்ணம் போல நின்று விழும் சருகையும் தூசியையும் பிடிக்கும். சருகு மட்கி அங்கேயே மண்ணாகும், மண் ஈரம் பிடிக்கும், பெரணியின் வேர் அந்த ஈரத்துக்குள் போகும். நிலமே இல்லாத இடத்தில் தனக்கென்று ஒரு பிடி நிலத்தை அந்தச் செடி உண்டாக்கிக்கொள்கிறது.

மழைநீரைத் 'தொட்டியில்' பிடிக்கும் செடி என்று நீங்கள் படங்களில் பார்த்திருக்கக்கூடியவை பிரோமீலியாட்கள், அன்னாசிக் குடும்பம். அவை அமெரிக்கக் கண்டங்களின் சொத்து, மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரே ஓர் இனத்தைத் தவிர. நம் சோலைகளில் கிடையாது, நர்சரியில்தான் பார்க்கலாம். இலைகளின் அடிப்பாகம் ஒன்றோடொன்று நெருங்கி மடிந்து, நடுவே தண்ணீர் நிற்கும் குழியாகிறது. சிறியதில் ஓர் உள்ளங்கை அளவு, பெரியதில் பல லிட்டர். வேர் வெறும் கொக்கி, குடிப்பது இலை. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. செதிலின் மேல்தட்டு இறந்த செல்கள், அடியில் உயிருள்ள காம்பு. நனைந்தால் தட்டு ஊறித் தண்ணீரை உள்ளே விடும், காய்ந்தால் தட்டு படிந்து வாயை மூடிவிடும். உள்ளே போன தண்ணீர் வந்த வழியே திரும்ப முடியாது. கடைகளில் 'ஏர் பிளான்ட்' என்று விற்கும் டில்லான்சியா தொட்டிகூட இல்லாமல் இந்தச் செதில்களை வைத்தே பிழைக்கிறது.

இந்தத் தொட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குளம். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவின் உயிரியலாளர் குளோடோமிரோ பிக்காடோ 1913லேயே தன் ஆய்வேட்டில் இவற்றுக்குள் வாழும் உயிர்களைப் பட்டியலிட்டுவிட்டார். ஜமைக்காவில் ஒரு சிறு நண்டு தன் குஞ்சுகளை இந்தத் தண்ணீரில்தான் வளர்க்கிறது. தாய் நண்டு அழுகும் சருகை எடுத்து வெளியே போடும், நத்தை ஓடுகளைத் தேடிக் கொண்டுவந்து தண்ணீருக்குள் போடும். ஓட்டுச் சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் புளிப்பைக் குறைக்கிறது, குஞ்சுகளின் ஓட்டுக்கும் உதவுகிறது. முதல்முறை இதைப் படித்தபோது நான் இரண்டு தடவை திரும்பப் படித்தேன். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். டிரினிடாட் தீவில் கோகோத் தோட்டங்களுக்கு நிழல் தர வளர்த்த மரங்களில் பிரோமீலியாட்கள் மண்டி, அந்தத் தண்ணீரில் பிறந்த அனாபிலஸ் கொசு மலேரியாவைப் பரப்பியது. 1940களில் காலின் பிட்டெண்ட்ரிக் என்ற உயிரியலாளர் இதை ஆராய்ந்தார். மயில்துத்தக் கரைசலைத் தெளித்துச் செடிகளை அழிக்க வேண்டியிருந்தது. நர்சரியில் பிரோமீலியாட் வாங்கி வைப்பவர்கள் வாரம் ஒருமுறை குழியில் உள்ள தண்ணீரைக் கவிழ்த்து மாற்றிவிடுவது நல்லது.

இதெல்லாம் தனித்தனிச் செடிகளின் கதை. காட்டில் இவை சேர்ந்தேதான் இருக்கும். பாசி முதலில் வரும், அதில் தூசியும் சருகும் தங்கும், மட்கும். பல பத்தாண்டுகளில் பெரிய கிளைகளின் மேல் சாண் கணக்கில் கறுப்பு மண் சேர்ந்துவிடும். அந்த மண்ணில் ஆர்க்கிட், பெரணி, சில சமயம் புதர்கூட முளைக்கும். மேலே படர்ந்த பாசி ஓரிரு வெயில் நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அடியிலிருக்கும் இந்த மட்கு மெதுவாகவே காயும், விரலை விட்டுப் பார்த்தால் பல நாள் கழித்தும் சில்லென்று இருக்கும். இதைத் தாங்கி நிற்கும் மரமும் சும்மா இருப்பதில்லை. நளினி நட்கர்னி என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1981இல் எழுதியது இது: சில மரங்கள் தங்கள் கிளைகளிலிருந்தே வேர் விட்டு, கிளைமேல் சேர்ந்திருக்கும் இந்த மட்குக்குள் நுழைகின்றன. தன் தோளில் உட்கார்ந்திருப்பவர் சேர்த்த சோற்றில் மரமும் கை நனைக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். எல்லா மரங்களும் இப்படிச் செய்வதில்லை. செய்யும் மரத்துக்கும் அதில் எவ்வளவு கிடைக்கிறது என்பதற்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். தான்சானியாவின் உலுகுரு மலைகளில் தமாஷ் போச் என்ற ஹங்கேரியத் தாவரவியலாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், உச்சிப் பகுதியின் பாசிக்காட்டில் ஒரு ஹெக்டேருக்கு சுமார் 14 டன் உலர் எடை தொற்றுத் தாவரங்கள் இருந்தன. ஒரு மழையில் அவை பிடிக்கக்கூடியது ஹெக்டேருக்கு 50,000 லிட்டர். கோஸ்டாரிகாவின் முதிர்ந்த மேகக்காடு (அடிக்கடி மூடுபனி சூழும் மலைக்காடு) ஒன்றில் அளந்து 2007இல் வெளியிட்டபோதும் ஏறக்குறைய இதேதான் வந்தது. ஹெக்டேருக்கு 16 டன், முழுதும் நனைந்தால் சுமார் 5 மி.மீ. மழையளவு. (1 மி.மீ. மழை ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர்.) நம் கணக்கில் ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர், இரண்டு தண்ணீர் லாரி. இரு கண்டங்களில் இரு குழுக்கள் வெவ்வேறு காலத்தில் அளந்து பக்கத்துப் பக்கத்தில் வந்திருப்பதால், முதிர்ந்த, நல்ல ஈரமான மலைக்காட்டின் உச்ச அளவு இந்த வட்டத்தில்தான் இருக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். நம் சோலைகளில் நான் நிறுத்துப் பார்த்தவரை பல இடங்களில் இதைவிடக் குறைவு. ஏனென்றால் நமக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நீண்ட வறட்சி உண்டு, நீலகிரியில் உறைபனியும் உண்டு. நான் நிறுத்தவை சில மரங்கள்தான், அதை வைத்து மலை முழுவதற்கும் பேசமாட்டேன்.

இரண்டு லாரித் தண்ணீர் என்றதும் பெரிதாகத் தெரியும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். அது பாத்திரத்தின் கொள்ளளவு. ஒவ்வொரு மழையிலும் அவ்வளவு பிடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு மழைக்கு முன்னும் பாத்திரம் காலியாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நிறைந்த குடத்தை மழையில் வைத்து என்ன பயன்? மேகக்காட்டில் ஆண்டில் பாதி நாள் ஈரமும் மூடுபனியும்தான். பாசி காயவே நேரமில்லை. கோஸ்டாரிகாவின் தலமாங்கா மலையில் 2004இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் கண்டது. பாசியின் கொள்ளளவு பெரிதாக இருந்தும், மரங்கள் மொத்தமாகத் தடுத்து நிறுத்தும் மழையில் அதன் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே. நான் இந்தத் துறையில் கற்ற மிகப் பெரிய பாடம் இது. இளம் வயதில் கொள்ளளவை மட்டும் பெருக்கிப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாசியில் பிடிபட்ட தண்ணீர் எங்கே போகிறது? சந்துகளில் நிற்காத உபரி, மழை நின்று சற்று நேரத்தில் வடிந்துவிடும். தங்கியதை அந்தச் செடிகள் பயன்படுத்தும், மீதி ஆவியாகி வானத்துக்கே திரும்பும். கீழே மண்ணுக்கு வருவது மிகக் குறைவு. ஆகவே 'சேர்த்து வைத்துக் கோடையில் ஓடைக்கு விடும்' என்ற பகுதி தவறு. 5 மி.மீ. என்பது காட்டு மரங்கள் நல்ல வெயிலில் ஓரிரு நாளில் உறிஞ்சி வெளியே விடும் தண்ணீர். மார்ச் மாதம் சோலைக்குள் ஓடை ஓடுகிறதென்றால் அது மண்ணும், மண்ணுக்கடியில் சிதைந்த பாறையும் விடும் தண்ணீர். இலைமட்கு நிறைந்த கறுப்பு மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இருந்தால் சில நூறு மி.மீ. மழையைப் பிடித்து வைக்கும். அதற்கு முன்னால் பாசியின் 5 மி.மீ. சிறு கிண்ணம்தான்.

அப்படியானால் மழை நின்று இரண்டு நாள் கழித்து நீங்கள் பார்த்த சொட்டு? அது பழைய மழைத்தண்ணீராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அன்று மூடுபனி இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மழைத்துளி கனமானது, நேராக விழும். மூடுபனித் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு, காற்றோடு மிதந்து போகும். அகலமான இலையைச் சுற்றிக்கொண்டு விலகிவிடும், மெல்லிய இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். கிளையிலிருந்து தாடி போலத் தொங்கும் பாசியும் லைக்கனும் இந்த வேலைக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. துளிகள் சேர்ந்து கனத்ததும் சொட்டும். ஏற்கெனவே நனைந்து நிறைந்திருக்கும் பாசிதான் அதிகம் சொட்டும், ஏனென்றால் இனி வருவதை வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. இது மழைமானியில் பதிவாகாத கூடுதல் வரவு, கீழே மண்ணுக்கே போகிறது. வழிகாட்டி சொன்னதில் சரியான பாதி இதுதான். இந்த வரவு எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. உலகின் மேகக்காடுகளுக்கு, மழையளவில் 5 முதல் 20 சதவீதம் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். மேடு, பள்ளம், காற்றின் வேகம், திசை எல்லாம் சேர்ந்து ஒரே மலையின் இரு சரிவுகளுக்கு இடையிலேயே பெரிய வித்தியாசம் வரும். அதில் மரத்தின் பங்கு எவ்வளவு, பாசியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது இன்னும் கடினம். உங்கள் நிலத்துக்கு ஒரு எண் வேண்டுமானால் அங்கேயே அளந்தால்தான் உண்டு.

இதனால் பாசியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். ஓடைக்குத் தரும் தண்ணீர் சிறிது என்பதால் அதன் வேலை சிறிதாகிவிடாது. அந்த ஈரத்தை நம்பி மரமுகட்டில் தவளை, பூச்சி, நத்தை, விதை முளைக்க இடம் தேடும் செடி என்று ஓர் உலகமே இருக்கிறது. அதோடு, போனால் திரும்புவது மிக மெதுவாகத்தான். நான் முன்னே சொன்ன 2007 கோஸ்டாரிகா ஆய்வில் முதிர்ந்த காட்டுக்குப் பக்கத்தில், வெட்டிய பின் வளர்ந்து 30 வயதான காடும் இருந்தது. மரங்கள் நன்றாக உயர்ந்திருந்தன. அவற்றின் மேல் இருந்த தொற்றுத் தாவரங்களின் எடை ஹெக்டேருக்கு 1 டன்தான், கொள்ளளவு 1 மி.மீ.கூட இல்லை. முப்பது ஆண்டில் பதினாறில் ஒரு பங்கு. மூடுபனி குறைந்தாலும் இவை தாங்குவதில்லை. கோஸ்டாரிகாவின் மாண்டிவெர்டேயில் தொற்றுத் தாவரங்களை மட்கோடு பெயர்த்து, மூடுபனி குறைந்த கீழ்ச்சரிவு மரங்களில் வைத்துப் பார்த்தார்கள். இலைகள் வேகமாக உதிர்ந்தன, செடிகள் பல மடிந்தன. முடிவு 2002இல் வெளிவந்தது. இதே மாண்டிவெர்டேயில் 1970களுக்குப் பிறகு மூடுபனி இல்லாத நாட்கள் கூடியிருப்பதும் பதிவாகியிருக்கிறது. கடல் சூடானதா, கீழே சமவெளிக் காட்டை அழித்ததா, எது எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை.

உங்கள் நிலத்துக்கு வருகிறேன். பாசியும் ஆர்க்கிடும் கட்டி ஓடையில் தண்ணீரைக் கூட்ட முடியாது. அதற்காக யாராவது மூட்டை மூட்டையாகப் பாசி விற்க வந்தால் வாங்காதீர்கள், அது ஏதோ ஒரு சோலை மரத்தை உரித்துக் கொண்டுவந்ததாகவே இருக்கும். காப்புக் காட்டிலிருந்து ஆர்க்கிட் எடுப்பது சட்டப்படியும் குற்றம். ஓடைதான் உங்கள் கவலை என்றால் நிலத்தில் என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு அளந்தபோது நட்டதிலிருந்து வெட்டும் வரையிலான முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடை நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. உங்கள் சரிவில் யூகலிப்டஸோ சீகையோ (வாட்டில் மரம்) மண்டியிருந்தால், அதைப் படிப்படியாகக் குறைத்து, சருகை எரிக்காமல் மண்ணிலேயே மட்கவிட்டால் கிடைக்கும் பலன் எந்தப் பாசியும் தராது. ஒரேயடியாக வெட்டிவிட வேண்டாம், சரிவு மண் போய்விடும். யூகலிப்டஸ் பட்டையை உரித்துக்கொண்டே இருக்கும் மரம் என்பதால் அதில் தொற்றுச் செடிகள் நிலைப்பதும் அரிது.

ஆனாலும் உங்கள் மரங்களில் இவை வளர வேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. பட்டை சொரசொரப்பான, கொஞ்சம் கோணலாகச் சாய்ந்த பழைய நாட்டு மரங்கள் இருந்தால் அவற்றை மட்டும் வெட்டாமல் விடுங்கள். பாசி முதலில் வருவது அவற்றில்தான். உங்கள் நிலத்துக்குள்ளேயே காற்றில் ஒடிந்து விழும் கிளைகளில் பாசியோ ஆர்க்கிடோ ஒட்டியிருந்தால், தரையில் கிடந்தால் அவை அழுகிவிடும். கிளைத்துண்டோடு எடுத்து, ஜூன் மழை தொடங்கியதும், வடக்கு பார்த்த நிழல் பக்கத்தில் தென்னை நார்க் கயிறால் ஆடாமல் கட்டிவையுங்கள். கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் கயிறும் வேண்டாம். நார்க்கயிறு மட்கிப் போவதற்குள் வேர் பிடித்துவிட்டால் செடி நிலைத்தது என்று அர்த்தம். முதல் வறட்சியில் குமிழ் சுருங்குவதைப் பார்த்துப் பயந்து தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். புது வேர் நுனி பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.